விக்கி கார்டு

சாவுக்கு வைக்கும் ரீத்தைத் தூக்கிக்கொண்டு நான்கு பேர் வாசலில் வந்து நின்றபோது இசக்கிதுரை உள்ளே கஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

குடித்தார் என்பதே கொஞ்சம் கூடுதலான பேச்சுதான். மகள் வசந்தி கரண்டியால் உதட்டில் விட விட, பாதி உள்ளே போனது, பாதி தாடை வழியே இறங்கித் துண்டை நனைத்தது. ஆனாலும் தொண்டைக்குழி அசைந்தது. நேற்று ஆஸ்பத்திரியில் அதுகூட இல்லை. இனி இங்கே வைத்திருந்து ஆவதொன்றுமில்லை, ராத்திரி தாண்டுவதே சந்தேகம், விருப்பமென்றால் வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். ராத்திரி எப்படியோ தாண்டியது. விடிகிற நேரத்தில் ஆம்புலன்ஸில் கொண்டுவந்து முன்னறைக் கட்டிலில், ஜன்னலோரமாகப் படுக்க வைத்தார்கள். படுத்ததும் மனிதர் கண்ணைத் திறந்துவிட்டார். பஜார் ரோட்டு மிளகுக் குடோன்களில் ஆயுசெல்லாம் மூட்டை சுமந்த உடம்பு. மட்டாஞ்சேரிக் காற்று மூக்கில் ஏறியதும் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று நினைத்துக்கொண்டதோ என்னவோ.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு வசந்தி எட்டிப் பார்த்தாள். முன்னால் நின்றவர் நீலகண்டன், சுமை தூக்குவோர் சங்கத்தின் செயலாளர். அப்பாவோடு ஒரே லாரியில் ஏறி இறங்கியவர். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, கையைக் கட்டி, முகத்தை இழவு வீட்டுக்கென்று இறக்கி வைத்திருந்தார். பின்னால் இரண்டு பேர் ரீத்தைப் பிடித்திருந்தார்கள். பெரிய மலர்வளையம், சிவப்பு ரிப்பன் சுற்றியது.

வசந்தி கரண்டியும் கையுமாக வாசலுக்கு ஓடினாள்.

"எப்பழா மோளே போச்சு?" என்றார் நீலகண்டன். தமிழ்த் தொழிலாளிகளோடு பழகிப் பழகி அவருடைய மலையாளம் பாதித் தமிழாகியிருந்தது.

"யாரு மாமா போனது?"

நீலகண்டன் அவள் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். அதிலிருந்து கஞ்சித் தண்ணீர் படியில் சொட்டிக்கொண்டிருந்தது. "இசக்கி..." என்று ஆரம்பித்தவர் முடிக்க முடியாமல் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்து நீட்டினார்.

அப்பாவின் முகம். சங்கத்து ஆண்டு விழாவில் கூட்டமாக எடுத்த போட்டோவிலிருந்து தனியே பிரித்தெடுத்த முகம். வெளிர்நீலப் பின்னணி. மெழுகுவர்த்தி இல்லை, ரோஜாப்பூ இல்லை. மேலே மலையாளத்தில் ஆதராஞ்ஜலி, அதன் கீழே பெயர், பிறந்த வருஷம், இன்றைய தேதி. எல்லாவற்றுக்கும் அடியில், தமிழில், கோணல்மாணலாக அப்பாவின் கையெழுத்து. யார் வேலை என்று வசந்திக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அடியில் எப்போதும் ஓடுகிற அந்தக் கருநீலப் பட்டையே சொன்னது. ஆனால் பட்டையில் வழக்கமாக இருக்கும் பெயரும் ஃபோன் நம்பரும் இல்லை. வெறுமனே கிடந்தது.

"உயிரோட இருக்காவ மாமா. கஞ்சி குடிச்சிட்டிருக்காவ."

"என்டீஸ்வரா." நீலகண்டன் தலையில் கை வைத்தார். "விக்கி கார்டுல்லே மோளே? விக்கி கார்டு வந்தா பின்னே வேற ஆள்கிட்ட கேக்கணுமா? அதும் சொந்தம் அச்சன்டே காரியம்... முக்குல ஃப்ளெக்ஸும் வச்சாச்சு."

உள்ளிருந்து இருமலோடு குரல் வந்தது. "யாருட்டி அது?"

"நீலகண்டன் மாமாப்பா. நீங்க தூங்குறீங்களான்னு கேட்டாவ. பொறவு வருவாவ" என்று வசந்தி தலையைத் திருப்பிக் கத்தினாள். ரீத்தைப் பிடித்திருந்தவர்கள் அதை எங்கே கொண்டுபோவதென்று தெரியாமல் முழித்தார்கள். கடைசியில் பக்கத்து வீட்டு அம்மிணி சேச்சியின் வராந்தாவில், மீன் சட்டிகளுக்குப் பின்னால் அதை மறைத்து வைத்துவிட்டு நான்கு பேரும் பூனைபோல நழுவினார்கள்.

விக்கி கார்டு என்றால் மட்டாஞ்சேரியில் தெரியாதவர் கிடையாது. வசந்தியின் தம்பி விக்னேஷ் டிசைன் படித்துவிட்டு, ஒருத்தனிடம் போய்க் கைகட்டி உட்கார மாட்டேன், சொந்தமாகத்தான் செய்வேன் என்று மாடியறையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்தவன். சொந்தமாகச் செய்கிறவனுக்கு வேலை தெரிந்தால் மட்டும் போதாது, வேலை தெரியும் என்பது ஊருக்குத் தெரிய வேண்டும். அதற்கு அவன் பட்ட பாடு நாய் படாது. இன்ஸ்டாகிராமில் தினம் ஒரு படம் போட்டான். லைக் போட்டவர்களெல்லாம் கூடப் படித்து, வேலையில்லாமல் இருந்த பையன்கள். யூதத் தெருக் காபிக் கடைகளில் விசிட்டிங் கார்டு வைத்தான். அதை நாலாக மடித்து ஆடுகிற மேஜைக்கு அண்டைகொடுத்தார்கள். பினாலே கலைக் கண்காட்சி சமயத்தில் வெளிநாட்டுக்காரர்கள் பார்க்கட்டுமென்று சுவர் சுவராகத் தன் போஸ்டரை ஒட்டினான். ராத்திரியோடு ராத்திரியாக அதைத் தெரு ஆடுகள் தின்று தீர்த்தன.

அப்புறம்தான் எதிர்வீட்டு கமலாக்ஷி டீச்சர் செத்துப்போனார். வீட்டில் ரேஷன் கார்டு போட்டோவைத் தவிர ஒரு படம் இல்லை. விக்கி அந்த மங்கலிலிருந்து டீச்சரின் முகத்தை மீட்டெடுத்து, ஒரு கார்டு செய்து கொடுத்தான். காசு வாங்கவில்லை. அடியில் சின்னதாகத் தன் பெயரும் நம்பரும் மட்டும் போட்டுக்கொண்டான். சாயங்காலத்துக்குள் அந்தக் கார்டு துபாய் வரை போயிற்று. கல்யாணக் கார்டை யாரும் நின்று பார்ப்பதில்லை. செத்தவர் முகத்தை எல்லோரும் ஒரு நிமிஷமாவது பார்க்கிறார்கள், பார்த்த கண் அப்படியே கீழே இறங்குகிறது. அடுத்த மாதமே கல்யாணக் கார்டுக்கும் ஹோட்டல் மெனுவுக்கும் ஆள் தேடி வந்தது. அன்றிலிருந்து அவன் தொழில்முறை அதுதான். சாவுக்குக் காசு கிடையாது, கேட்ட அரை மணியில் கார்டு, வீட்டு ஆளிடம் வாயால் கேட்டு உறுதி செய்யாமல் ஒன்றும் வெளியே போகாது. நாளாக ஆக ஊரில் ஒரு பேச்சே வந்துவிட்டது: டாக்டர் சொன்னாலும் சந்தேகப்படலாம், விக்கி கார்டு வந்தால் குளிக்கப் போகலாம்.

இசக்கிதுரைக்கு இது பிடிக்கவில்லை. "செத்தவன் கால்மாட்டுல கடை போடுதான்" என்று ஆரம்பத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். செல்லதுரை செத்த அன்றைக்கு முணுமுணுப்போடு நிற்கவில்லை. செல்லதுரை அவருடைய கூட்டாளி. தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரே பஸ்ஸில் கொச்சிக்கு வந்த இருவரில் மற்றவர். முக்கில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸின் முன்னால் இசக்கிதுரை கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மடியிலிருந்து சாக்கு கிழிக்கும் கத்தியை எடுத்து, மகனின் பெயர் இருந்த அடிப்பட்டையை மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அறுத்து எறிந்தார். சங்கத்து ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விக்கியும் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சு அற்றுப்போயிற்று. சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டுமென்றால்கூட அம்மா வழியாகத்தான். அப்பா ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு ராத்திரிக் காவலெல்லாம் விக்கிதான் இருந்தான். அப்போதும் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பார், அவன் காலைப் பிடித்துவிடுவான்.

களமசேரியில் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து லீவு போட்டு வந்து உட்கார்ந்திருக்கும் வசந்திக்கு இப்போது வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அப்பா பிழைக்க மாட்டார், அது அவளுக்குத் தெரியும். போவதற்கு முன்னால் தம்பியைப் பார்த்து ஒரு வார்த்தை, திட்டாகவே இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும். இல்லையென்றால் இந்தப் பயல் ஆயுசுக்கும் அதைச் சுமந்துகொண்டு திரிவான்.

பின்கட்டில் ஸ்கூட்டர் வந்து நின்றது. விக்கி சுருட்டிய ஃப்ளெக்ஸைத் தோளில் தாங்கியபடி, முகம் சுண்டிப்போய் இறங்கினான்.

"அப்பா பாத்துட்டாவளா?"

"இல்ல. ஏம்ல இப்படிப் பண்ணுன?" வசந்திக்கு ஆத்திரம் பொங்கியது. "மூச்சு இருக்கையிலேயே தேதி போட்டு வச்சிருக்கியே, உனக்குக் கையி எப்படில வந்துச்சு?"

விக்கி ஃப்ளெக்ஸைத் துவைகல்லில் சாய்த்து வைத்தான். "டாக்டர் அப்படிச் சொன்னதும் எனக்கு வேற என்ன செய்யணும்னு தெரியலக்கா. ராத்திரி லேப்டாப்ப வச்சிக்கிட்டு அதத்தான் செஞ்சேன். காலையில வீட்டுக்கு வந்ததும், முகம் ஃபோன்ல எப்படித் தெரியுதுன்னு என் நம்பருக்கே அனுப்பிப் பாக்கப் போனேன். எப்பவும் அப்படித்தான் பாப்பேன். தூக்கக் கலக்கத்துல விரல் எல்லாருக்கும் போற லிஸ்டு மேல போயிருச்சு. உடனே அழிச்சிட்டேன். அதுக்குள்ள..."

"கொஞ்சம் பொறுத்துச் செஞ்சா என்னல?"

"வேற எவனாவது செஞ்சிருவான். சங்கத்துக்காரங்க யார்கிட்டயாவது குடுத்திருவாங்க. ரோஜாப்பூ வச்சி, மெழுகுவத்தி வச்சி, முகத்துக்கு வெள்ளையடிச்சி விட்டிருவான்." விக்கியின் குரல் உடைந்தது. "அப்பா கறுப்புக்கா. அந்தக் கறுப்பு எவனுக்குக் கிடைக்கும்?"

வசந்தி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "சரி, உள்ள வா. கண்ணு முழிச்சிருக்காவ. போயி ஒரு வார்த்த பேசு."

"இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டா? சுள்ளிக்கல் முக்குல ஒண்ணு கட்டிருக்காங்க. தோப்பும்படி பிரஸ்ல இன்னொண்ணு அடிச்சிக்கிட்டிருக்கான். ஃபோன எடுக்கவே முடியல, ஊரே கூப்பிட்டு அழுவுது. ரெண்டையும் நிறுத்திட்டு வந்திர்றேன். வந்து பேசுறேன்."

அவள் மறிப்பதற்குள் ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது.

இவ்வளவும் அம்மாவுக்குத் தெரியக் கூடாதென்று வசந்தி மெல்ல அடுக்களையில் நுழைந்தால், பாக்கியலக்ஷ்மி அரிவாள்மணையில் உட்கார்ந்து சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அம்மிணி சேச்சி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். இருவர் முகத்திலும் ஏதோ விசேஷ வீட்டுக் களை.

"என்னம்மா இது?"

"உங்கப்பாவுக்குச் சாளைக் குழம்புன்னா உசுருல்லா."

"கஞ்சியே எறங்கல. மீனு எதுக்கு?"

"எறங்கும்" என்றாள் பாக்கியலக்ஷ்மி. "எனக்கு எல்லாம் தெரியும்ட்டி. வெள்ளனே அம்மிணி ஃபோனைத் தூக்கிட்டு அழுதுக்கிட்டு ஓடியாந்தா. மொதல்ல நானும் ஒரு மூச்சு அழுதேன். பொறவுதான் யோசிச்சேன். எங்க ஊர்ல ஒருத்தர் தலையில காக்கா அடிச்சிட்டுன்னா என்ன செய்வாவ தெரியுமா? அவரு செத்துப்போயிட்டாருன்னு சொந்தக்காரங்களுக்குப் பொய்ச் சேதி அனுப்புவாவ. கேட்டவங்க உண்மைன்னு நினைச்சு அழுதுட்டா தோசம் கழிஞ்சிச்சு. அந்த ஆளுக்கு ஆயுசு கெட்டி. எங்க பெரியப்பா அப்படி ஆனப்புறம் பேரன் கல்யாணம் பாத்துட்டுத்தான் போனாரு. இங்க பாரு, ஒரு ஊரே அழுதிருக்கு."

"ஞானும் நல்லோணம் கரஞ்சு" என்று அம்மிணி சேச்சி தன் பங்கையும் சேர்த்துக்கொண்டாள். "கண்ணு வீங்கிப்போச்சு."

மகனைக் குறைசொல்ல மனமில்லாத தாய்க்குச் சாமி எங்கிருந்தாவது ஒரு காரணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. அம்மா மஞ்சள் பொடியைக் கைநிறைய அள்ளி மீனில் பிசறினாள். அவள் இப்படி ஆசையாகச் சமைத்து எவ்வளவோ நாளாகிவிட்டது.

முன்னறைக்குத் திரும்பியபோது இசக்கிதுரை ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தார். மூச்சு வாயால் வந்துகொண்டிருந்தது. வசந்தி வேட்டியைச் சரிசெய்துவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"காட்டு" என்றார்.

"என்னதப்பா?"

"நீலகண்டன் ரீத்து கொண்டாந்தாம்லா. ஜன்னல் வழியாப் பாத்தேன். நல்ல ரீத்து. சங்கம் நமக்குக் குறை வைக்கல." பேச்சுக்கு நடுவே நடுவே மூச்சுக்காக நின்றார். "ஃபோனுல காட்டி ஏதோ சொன்னான். அதக் காட்டு."

அந்தக் கார்டு இதற்குள் வசந்தியின் ஃபோனுக்கும் வந்து சேர்ந்திருந்தது; அவள் அதை மடியில் கவிழ்த்து வைத்தாள். இல்லை என்று சொல்லிப் பார்த்தாள், ஃபோனில் சார்ஜ் இல்லை என்றாள், அது வேறு யாரோ ஒருவருடையது என்றாள். அவர் கண்ணை எடுக்கவே இல்லை. மூட்டையைக் கண்ணால் எடைபோடுகிற அந்தப் பார்வையின் முன்னால் பொய் நிற்காது. அலமாரித் தட்டில் கிடந்த கண்ணாடியை எடுத்து அவருக்கு மாட்டிவிட்டு, ஃபோனைத் திறந்து முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

இசக்கிதுரை தன் சாவு அறிவிப்பைச் சாவகாசமாகப் பார்த்தார்.

"கறுப்பாத்தான் இருக்கேன்" என்றார். அதில் ஒரு திருப்தி இருந்தது. "இது என் கையெழுத்துல்லா? எங்க புடிச்சான்?"

"உங்க சங்கத்துக் கார்டுல இருந்து எடுத்திருப்பான். அவனுக்குத் தமிழ் எழுத வராதுல்லாப்பா."

அவருடைய விரல் போர்வையிலிருந்து மெல்ல எழுந்து வந்து கண்ணாடித் திரையைத் தொட்டது. அடியில், கருநீலப் பட்டையில் நின்றது.

"இங்க என்ன காலியாக் கிடக்கு?"

"நீங்கதானப்பா அன்னைக்கி அறுத்துப் போட்டீங்க. அதான் போடல போல."

"அது செல்லதுரைக்குல்லா." அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே பேசினார். "நம்ம ஊர்ல அஞ்சலி நோட்டீசுல கீழ பேரு இருந்தா, அவன் அழுதவன்னு அர்த்தம். மவன், மருமவன், பேரன், கூட்டாளி. செல்லதுரைக்கு யாரு இருந்தா? நான்தான் இருந்தேன். என் பேரு அதுல இல்ல. அவனுக்காக ஒரு சொட்டு அழாத இவன் பேரு நம்பரோட நிக்கி. எனக்குத் தாங்கல, அறுத்திட்டேன்."

"இத அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லாப்பா."

"சொல்ல வரலட்டி."

வெளியே ஒரு லாரி பின்னால் எடுத்துக்கொண்டு போனது. அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு அவர் மறுபடி கண்ணைத் திறந்தார். "இதுல அவன் பேரு வேணும். அப்பன் செத்துக் கிடக்கையில மவன் பேரு இல்லன்னா, பாக்கவன் என்ன நினைப்பான்? நான் பிள்ளை இல்லாதவனா? போடச் சொல்லு. பேருக்கு முன்னால என் எழுத்தையும் சேத்துப் போடச் சொல்லு. வெறும் விக்கின்னு போட்டா எவனோன்னு இருக்கும். நம்பர் வேண்டாம்."

"நீங்களே சொல்லுங்கப்பா. இப்ப வந்திருவான். இருங்க, கூப்பிடுதேன்."

கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் கூப்பிட்டாள். எந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே எடுக்கிற ஃபோன் அது. ஒரு கூப்பாட்டைத் தவறவிட்டால் ஒரு வேலை போயிற்று என்பான். இன்று ஊர் முழுக்க அவனுக்கு அனுதாபம் சொல்லக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, அந்தக் கூட்டத்தில் அக்காவின் அழைப்பும் ஒன்றாகப் போய்விட்டது. 'உடனே வா, அப்பா உன்னைக் கேக்குறாங்க' என்று மலையாளத்தில் எழுதி அனுப்பினாள். அவன் பார்க்கவில்லை.

இசக்கிதுரை தூங்கினார். தூக்கத்தில் மூச்சு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் இடைவெளி விழ ஆரம்பித்தது. வசந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாசலையும் அவர் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தாள். இப்ப வந்திருவாம்ப்பா, இந்தா ஸ்கூட்டர் சத்தம் கேக்குல்லா, என்று பொய்யாகச் சொன்னாள். உள்ளேயிருந்து குழம்பு கொதிக்கும் மணம் வந்தது. பாக்கியலக்ஷ்மி ஒரு கிண்ணத்தில் சோற்றைக் குழையப் பிசைந்து, முள் நீக்கிய மீனை அதன்மேல் வைத்து எடுத்துக்கொண்டு வந்து, "ஏங்க, இந்தாங்க, ஒரு வாய்" என்று கட்டிலோரம் உட்கார்ந்தாள். ஒரு உருண்டை எடுத்து உதட்டருகே கொண்டுபோனாள்.

கை அங்கேயே நின்றது.

அவள் கத்தவில்லை. உருண்டையைக் கிண்ணத்திலேயே திரும்ப வைத்தாள். முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள், அதில் துடைக்க ஒன்றுமில்லாவிட்டாலும். வசந்திதான் அப்பா என்று அலறினாள். அம்மிணி சேச்சி ஓடிவந்து பார்த்துவிட்டு, திரும்ப ஓடி, சத்தமில்லாமல் அடுப்பை அணைத்தாள்.

விக்கி வந்தபோது வீட்டு முன்னால் செருப்புகள் சேர்ந்திருந்தன. சுள்ளிக்கல்லிலிருந்து கழற்றிய ஃப்ளெக்ஸும், தோப்பும்படியில் மை காயாமல் வாங்கிய இன்னொன்றும் ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் செங்குத்தாக நின்றன. அவன் அவற்றை இறக்காமலே உள்ளே வந்தான். கட்டிலைப் பார்த்தான். யாரையும் எதுவும் கேட்காமல் அப்பாவின் கால்பக்கம் தரையில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் பிடித்துவிட்டதுபோலவே பாதத்தைப் பிடித்துக்கொண்டான்.

நீலகண்டன் இரண்டாம் முறையாக வந்தார். இந்தத் தடவை முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று அவருக்கே தெரியவில்லை. அம்மிணி சேச்சியின் வராந்தாவிலிருந்து அதே ரீத்தை எடுத்து வந்து வைத்தார்கள். ஒரு பக்கம் பூ கொஞ்சம் வாடியிருந்தது. காலையில் வந்துவிட்டு நிம்மதியாகத் திரும்பிப்போனவர்களுக்குச் செய்தி சொல்லியனுப்பினால், போங்கப்பா, இன்னொரு தரம் ஏமாற மாட்டோம் என்று சிரித்தார்களாம். மத்தியானம் கழிந்தும் கூட்டம் சேரவில்லை. ஆயுசெல்லாம் ஊர்ச் சாவுக்கு முதல் ஆளாக நின்று தோள்கொடுத்தவரைத் தூக்க ஆள் போதவில்லை.

நீலகண்டன் விக்கியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "மோனே, நீ ஒரு கார்டு அனுப்பணும். நான் விளிச்சா ஆரும் விஸ்வசிக்கல. நீ அனுப்பினாத்தான் எல்லாரும் வரும்."

விக்கி தலையாட்டினான். ஆனால் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து வசந்திதான் அவனைத் தோளைப் பிடித்து எழுப்பி மாடிக்குக் கூட்டிப்போனாள். அவன் கம்ப்யூட்டரைத் திறந்தான். அப்பாவின் முகம் திரை முழுக்க வந்தது.

"மாத்துறதுக்கு ஒண்ணும் இல்லக்கா. தேதிகூட அதேதான்" என்றான். அப்போதுதான் முதல்முறையாக அழுதான். குலுங்கிக் குலுங்கி, சின்னப் பிள்ளையில் அழுத மாதிரி அழுதான். வசந்தி அவன் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"மாத்தணும்ல" என்றாள். "கீழ உன் பேரு போடணும். அப்பா சொன்னாவ."

விக்கி அவளை விலக்கிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சும்மா சொல்லாதக்கா."

"சத்தியமா. இதப் பாத்தாவ. நான்தான் காட்டினேன். கீழ ஏன் காலியாக் கிடக்குன்னு கேட்டாவ."

"நீ என்னைத் தேத்துறதுக்காகச் சொல்லுத. எனக்குத் தெரியாதா அவியள? வேண்டாம். அவியளுக்குப் பிடிக்காதத இன்னைக்கும் நான் செய்ய மாட்டேன். இப்படியே போட்டும்." கை மவுஸுக்குப் போனது, அனுப்புவதற்கு.

வசந்திக்குப் பதறியது. இத்தனை நேரம் அவள் வேண்டிக் கிடந்த வார்த்தை வந்தாயிற்று, அது அவள் கையில்தான் இருக்கிறது, ஆனால் கொடுத்தால் வாங்கிக்கொள்ள மாட்டேனென்கிறான். செல்லதுரை கதையைச் சொன்னாள். ஊர் நோட்டீஸில் அடியில் இருப்பது அழுதவன் பெயர் என்று அப்பா சொன்னதைச் சொன்னாள். அவன் கேட்டான், கேட்ட மாதிரியும் இருந்தது, கேளாத மாதிரியும் இருந்தது.

"நம்பர் வேண்டாம்னாவ" என்றாள் கடைசியில். "எழுத்தையும் சேத்துப் போடச் சொல்லுன்னாவ. வெறும் விக்கின்னு போட்டா எவனோன்னு இருக்குமாம்."

அவன் கை நின்றது.

"எழுத்தையா?"

"ஆமா. அவிய எழுத்த."

விக்கி அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த அவர்கள் இருவருமே பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொண்டதில்லை. பள்ளிக்கூடத்தில் பெயருக்குப் பின்னால் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டதோடு சரி. இதை அவளாகக் கட்டிச் சொல்ல முடியாது. கீழே ஒப்பாரி எழுந்தது. யாரோ தூரத்துச் சொந்தம் வந்திருக்க வேண்டும்.

அவன் திரைக்குத் திரும்பினான். கருநீலப் பட்டையில், வழக்கமான இடத்தில், வழக்கமான அளவில் விக்னேஷ் என்று மலையாளத்தில் தட்டினான். அதற்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டான். தட்டப்போன விரல் எந்தக் கட்டையிலும் இறங்காமல் சற்று நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு மேலே போய், அப்பாவின் கையெழுத்திலிருந்து முதல் எழுத்தை மட்டும் சுற்றிக் கோடு போட்டுப் பிரதி எடுத்தான். அந்த 'இ'யைக் கீழே கொண்டுவந்து, சிறிதாக்கி, தன் பெயருக்கு முன்னால் வைத்தான். அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நிமிர்த்தப் போனவன், மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.